காற்றுப் பசி

அத்தியாயம் 14

சாரல் தொடங்கின முதல் நாள், பந்தியின் நடுவில், கையில் சாம்பார் வாளியோடு சரிந்து விழுந்த குத்தாலிங்கம் பிள்ளையை, அருவிக்கு வந்த யாரோ ஒரு புண்ணியவான் தன் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு தென்காசிக்குப் பறந்தாரல்லவா? பயப்பட வேண்டாம். பிள்ளை பிழைத்துக் கிடக்கிறார். டாக்டர் ஏசுதாசனின் ஆஸ்பத்திரியில், ஜன்னலோரக் கட்டிலில், மூக்கில் ரப்பர்க் குழாயும் முகத்தில் கோபமுமாக இன்றைக்கு நாலாவது நாள்.

கோபம் எதற்கென்றால், சீசன் நேரத்தில் படுத்துவிட்டோமே என்றுதான். குற்றாலத்தில் அவர் நடத்துகிற சாப்பாட்டுக் கிளப்பில் முப்பத்தைந்து வருஷமாக விறகடுப்புப் புகையைக் குடித்துக் குடித்து நெஞ்சு கரிக்கட்டையாகிவிட்டது. ஆனால் படுத்த படுக்கையிலும், "கிளப்பை ஒரு வேளை மூடினியோ, நான் எந்திரிச்சு வந்திருவேன்" என்று மருமகள் உலகம்மாளை மிரட்டத் தெம்பு இருந்தது.

மகனை மிரட்ட வழியில்லை. மகன்தான் நாலு மாதமாக வீட்டில் இல்லையே!

அந்தக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். மாசி மாதத்தில் ஒரு நாள் பால்வண்ணநாதன் கிளப் வாசலில் 'அளவுச் சாப்பாடு' என்று ஒரு போர்டு எழுதி மாட்டினான். பிள்ளை அதைக் கழற்றி அடுப்பில் வைத்துவிட்டார். "போதும்னு இலையில இருக்கவன் சொல்லணும்லே. போடுதவன் சொல்லக் கூடாது" என்றார். பாதிச் சாப்பாட்டில் இருந்த மகன் இலையை விட்டு எழுந்து கை கழுவினான். கழுவினவன் புளியறைக்குப் போய், லாரிக்காரர்களுக்குச் சோறு போடும் கடை ஒன்றைத் திறந்து உட்கார்ந்துவிட்டான். அப்பனும் மகனும் வீம்பில் ஒருவருக்கொருவர் குறைச்சல் இல்லை. அடுப்பைப் பார்க்க ஆள் வேண்டுமே என்று உலகம்மாள் மட்டும் இங்கேயே நின்றுவிட்டாள்.

இன்று காலை அவள் கஞ்சித் தூக்கோடு வந்தபோது டாக்டர் அச்சன்புதூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பெண்ணுக்கு இரண்டு நாளாகப் பிரசவ வலியாம்.

"இந்தா பாரும்மா, திரும்பி வர மத்தியானத்துக்கு மேல ஆயிரும். கம்பவுண்டர் பிச்சுமணி இருக்கான். ஆனா இதை நீதான் பாத்துக்கிடணும்" என்று சிலிண்டரைக் காட்டினார்.

மதுரையிலிருந்து வந்த சிலிண்டர். ஆள் உயரம், கறுத்த உடம்பு, வெள்ளைத் தலை. மாமியார் வடிவம்மாள் அதற்கும் திருநீறு பூசிப் பொட்டு வைத்திருந்தாள். முதல் நாள் கற்பூரம் கொளுத்தப் போனவளை, "ஆச்சி, பத்த வச்சீகன்னா நாம எல்லாருமே சாம்பல்தான்" என்று டாக்டர் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியிருந்தது.

சிலிண்டரிலிருந்து வரும் பிராணவாயு ஒரு தண்ணீர்ப் புட்டிக்குள் நுழைந்து, குமிழியாகக் கிளம்பி, குழாய் வழியாக மூக்குக்குப் போகும். டாக்டர் அந்தக் குமிழியைக் காட்டினார்.

"ஒண்ணு... ஒண்ணு... எண்ணுதாப்ல வரணும். உலை கொதிக்குத மாதிரி வந்திரக் கூடாது."

"நல்ல காத்துதான டாக்டரு? கூடக் கொஞ்சம் போனா உடம்புக்கு நல்லதுதான?" என்றாள் வடிவம்மாள்.

"உங்களுக்கும் எனக்கும் மூச்சு தன்னால வருது, ஆச்சி. இவருக்கு நெஞ்சு கெட்டு வெகு நாளாச்சு. காத்து பத்தலையே, பத்தலையேங்குத தவிப்புதான் இவரை மூச்சு விட வைக்குது. காத்துப் பசின்னு வச்சுக்கோங்க. அந்தப் பசியை ஒரேயடியா ஆத்திட்டோம்னா உடம்பு மூச்சு விடுததையே மறந்துரும். பாக்க உறங்குத மாதிரிதான் இருக்கும். உறக்கத்துலயே போயிருவாரு. அதுக்காக அடியோட நிறுத்தவும் கூடாது. இந்த அளவு. அவ்வளவுதான்."

டாக்டர் போனார். வடிவம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"இது என்னட்டி நியாயம்? பசிச்ச மனுசனுக்குச் சோத்தைக் காட்டிட்டு அளந்து போடுன்னா? நம்ம வீட்டுல இப்படி நடந்ததுண்டா?"

உலகம்மாள் கஞ்சித் தூக்கை மூடி வைத்தாள். மாமனார் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு கறுநீலமாக இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் ஏறி இறங்கின. கையை லேசாக உயர்த்திச் சிலிண்டரைக் காட்டி, "செத்த கூட... தாயி..." என்றார்.

யாரிடமும் மறுசோறு கேட்டறியாத மனுஷன். இரண்டாம் முறை சாம்பார் ஊற்றச் சொல்லக்கூட வெட்கப்படுகிறவர். உலகம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. டாக்டர் சொன்னது காதில் இருக்கும்போதே சிலிண்டரின் சாவியில் கை வைத்து ஒரு நெல் அளவு திருகித் திறந்தாள். ஒரு நெல் அளவுதான். யாரும் பார்க்கவில்லை.

பிறகு பத்து மணி பஸ்ஸைப் பிடித்துக் குற்றாலம் போய்விட்டாள்.

அங்கே பந்தி நெரிந்தது. தலை ஈரம் காயாமல் வந்து உட்கார்ந்த கூட்டத்துக்கு அகோரப் பசி. உலகம்மாள் பம்பரமாகச் சுற்றினாள். சாப்பிட்டவர்கள் எல்லாரும், "அண்ணாச்சி எப்படி இருக்காக?" என்று கேட்டார்கள். கேட்டதோடு விடாமல், "போற வழியில ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறோம்" என்றார்கள். இவ்வளவு பேர் பிரியமாக இருக்கிறார்களே என்று அவளுக்கு மனசு நிறைந்துதான் போயிற்று.

மூன்று மணிக்கு அவள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினபோது அறையே கல்யாண வீடு மாதிரி கலகலப்பாக இருந்தது. ஹார்லிக்ஸ் புட்டியும் சாத்துக்குடியும் ஜன்னல் கொள்ளாமல் அடுக்கியிருந்தன. ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். விறகுக்கடை சேக் மைதீன் ராவுத்தர் நாற்காலியில் உட்கார்ந்து, கண் கலங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். வடிவம்மாளோ, கட்டிலருகே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாலு நாளில் அவள் சோற்றைத் தொடுவது இதுதான் முதல் தடவை.

"சத்தம் போடாத ஏட்டி. உங்க மாமா உறங்குதாக" என்றாள், வாயெல்லாம் பல்லாக.

உறங்கினார். நீலம் பாரித்திருந்த உதடு செக்கச் செவேலென்று இருந்தது. முகத்தில் மாப்பிள்ளைக் களை. உலகம்மாள் கையைத் தொட்டுப் பார்த்தாள். ஐஸாகக் குளிர்ந்து கிடந்த கை வெதுவெதுவென்றிருந்தது. தோள் ஏறி இறங்கவே இல்லை. அப்பாடா என்று அவளும் தரையில் உட்கார்ந்தாள். தெற்கு ஜன்னல் வழியாகச் சாரல் காற்று உள்ளே வந்தது. காலையிலிருந்து ஓடின கால் இரண்டும் இனிமையாக வலித்தன.

அப்போதுதான் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது.

தளபுள, தளபுள, தளபுள.

பதினேழு வயசிலிருந்து அடுப்படியிலேயே நிற்கிறவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? அரிசி போடப் பதம் வந்துவிட்ட உலைச் சத்தம். அவள் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர்ப் புட்டி கொதித்துக்கொண்டிருந்தது.

"அத்தை, இதை யாரு திருகினா?"

"நான்தான் செத்தோண்டு திருகினேன்" என்றாள் வடிவம்மாள். "மனுசன் தவிக்காருல்லா?"

"நானும்தான் தாயி, கால் சுத்து" என்றார் சேக் மைதீன். "என் கடை வெறகுப் புகைதான அண்ணாச்சி நெஞ்ச அடைச்சது? அவரு எனக்கு என்னைக்காவது அளந்து போட்டிருக்காரா? நான் எப்படி அவருக்குக் காத்தை அளப்பேன்?"

நின்றவர்களில் இன்னும் இரண்டு பேர் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்கள்.

உலகம்மாள் சட்டென்று எழுந்தாள். கட்டிலில் குனிந்தாள். "மாமா!" பதில் இல்லை. "மாமா! மாமா!" தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சுக்காக அவள் காத்திருந்தாள். காத்திருந்தாள். இடையில் ஒரு பந்திக்குத் தண்ணீர் தெளித்துவிடலாம் போல அவ்வளவு நேரம் ஆயிற்று. பிறகுதான் அது வந்தது.

இது உறக்கமா, இல்லையா? அதைத் தெரிந்துகொள்ள அவளிடம் ஒரு வழி இருந்தது. எவ்வளவு அசந்த தூக்கத்திலும் பிள்ளையை எழுப்பிவிடக் கிளப்பில் ஒரு சொல் உண்டு. காதோரம் குனிந்து உரக்கச் சொன்னாள்.

"மாமா! பந்தியில ஒருத்தரு சாப்பிடாம எந்திரிச்சுட்டாரு!"

அதைக் கேட்டால் பிள்ளை இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார். இப்போது கண்ணிமைகூட அசையவில்லை.

அவள் சிலிண்டர் பக்கம் போனாள்.

"ஏட்டி, என்ன செய்யப் போறே?" வடிவம்மாள் எச்சில் கையோடு எழுந்துவிட்டாள். "மூச்சு கம்மியா வருதுன்னா கூடத் திறக்கணும்ட்டி! மூடுதியே, பாவி!"

"அத்தை, டாக்டரு சொன்னாருல்லா..."

"டாக்டரா தாலி கட்டினாரு? கையை எடு! நீயும் உம் புருசனும் அளக்கதுக்குன்னே பொறந்தவுக!"

சுருக்கென்று தைத்தது. சத்தம் கேட்டு ஓடி வந்த கம்பவுண்டர் பிச்சுமணி வாசலிலேயே நின்று, "அய்யோ, டாக்டர் வராம நான் தொட மாட்டேம்மா" என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். எல்லார் கண்ணும் உலகம்மாள் மேல். தப்பாகிப் போனால் மாமனாரின் மூச்சை நிறுத்தினவள் என்ற பெயர் சாகிற வரைக்கும் போகாது.

போனால் போகட்டும் என்று சாவியைத் திருகினாள். ஒரு சுற்று. தளபுள அடங்கவில்லை. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில்தான் குமிழி தனித்தனியாகப் பிரிந்தது. ஒண்ணு... ஒண்ணு... அதோடு நிறுத்தினாள். அடியோடு மூடக் கூடாது, அதுவும் ஞாபகம் இருந்தது.

வடிவம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். உலகம்மாள் அதைக் காதில் வாங்காமல் மாமனாரை நிமிர்த்திச் சாய்த்து உட்கார வைத்தாள். சேக் மைதீன் ஓடி வந்து மறுபக்கம் தாங்கினார்.

"மாமா, மூச்சு விடுங்க! ம், விடுங்க! இன்னொண்ணு! மாமா, சோம்பாதீக, இன்னொண்ணு!"

சின்னக் குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி ஒவ்வொரு மூச்சுக்கும் கெஞ்சினாள், மிரட்டினாள். முதுகைத் தட்டினாள். கை ஓய்ந்தால் சேக் மைதீன் தட்டினார். எத்தனை நேரம் என்று அவளுக்குத் தெரியாது. டாக்டரின் கார் வந்து நின்றபோது தொண்டை கட்டிப்போயிருந்தது.

ஏசுதாசன் ஒரு பார்வைதான் பார்த்தார். ஊசி போட்டார். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குமிழிச் சத்தம் மட்டும் ஒண்ணு ஒண்ணாக வந்துகொண்டிருந்தது.

ஐந்து மணிக்கு மேல் பிள்ளையின் புருவம் சுருங்கியது. உதட்டில் மறுபடி அந்த நீலம் லேசாகத் தட்டியது. தோள் ஏறியது, இறங்கியது, ஏறியது. காலையில் எந்தத் தவிப்பைப் பார்க்கச் சகிக்காமல் சாவியைத் தொட்டாளோ, அதே தவிப்பு. இப்போது அதைப் பார்க்க உலகம்மாளுக்கு எவ்வளவு ஆனந்தமாக இருந்தது!

கண் பாதி திறந்தது. நாக்கு குழறியது.

"யாருட்டி... இலையில இருந்து... எந்திரிச்சது?"

வடிவம்மாள் ஓவென்று அழுதுகொண்டே சிரித்தாள். மருமகளை இழுத்து, இன்னும் கழுவாத தயிர்ச்சோற்றுக் கையோடேயே கட்டிக்கொண்டாள். "என் ராசாத்தி, இந்த நாக்கை அறுத்துப் போடணும்ட்டி" என்றாள். உலகம்மாளின் ரவிக்கை முதுகெல்லாம் தயிர். சேக் மைதீன் மேலே பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா மாலையோட வந்திருப்பீக. சொல்லுங்க, யாரு யாரு எவ்வளவு திருகினீக?"

ஒவ்வொருவராக ஒத்துக்கொண்டார்கள். வடிவம்மாள் விரல் நுனியைக் காட்டினாள். சேக் மைதீன் கால் சுற்று. சாத்துக்குடிக்காரர் ஒருவர், "தொட்டுத்தான் பாத்தேன், அதுவா திரும்பிட்டு" என்றார். உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டு, "நானும் ஒரு நெல்லளவு, காலையில" என்றாள்.

"நீயுமா! சரி, நீ எவ்வளவு குறைச்சே?"

"மூணு சுத்து, டாக்டரு."

"இவுக சொன்னதெல்லாம் சேத்தா ஒரு சுத்துகூடத் தேறலையே. பாக்கி ரெண்டு சுத்து யாரு?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வடிவம்மாள் கோயில் உலகம்மன் மேலேயே ஆணையிட்டாள். அப்போது பிச்சுமணி எச்சில் விழுங்கினான்.

"சார்... ஆச்சி உச்சிக்காலத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்தாகல்லா, அப்ப ஒருத்தரு வந்தாரு. சொந்தம்னாரு. கட்டில் பக்கத்துல ரொம்ப நேரம் நின்னாரு. பெரியவரு கண்ணை மூடிக் கிடந்தாரு. எழுப்பவான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டாரு. நான் மருந்து கலக்கப் போயிட்டேன். திரும்பிப் போகையில அவரு கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு. நான் வந்தேன்னு யார்ட்டயும் சொல்லிராதீகன்னாரு."

"பேரு கேக்கலையாலே?"

"கேக்கல சார். எடது புருவத்துல ஒரு தழும்பு. கட்டிலுக்கு அடியில என்னமோ வச்சுட்டுப் போனாரு."

உலகம்மாள் குனிந்து எடுத்தாள். துண்டில் கட்டின பொட்டலம். உள்ளே நேந்திரங்காய் வறுவல். பிள்ளைக்கு உயிர் அதுவென்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். துண்டின் ஓரத்தில் சிவப்பு நூல் தையல். அவள் தைத்த தையல்.

கணவன் பெயரைச் சொல்லவா, விழுங்கவா? ஆனால் பிள்ளையின் கண் அந்தத் துண்டின் மேலேயே இருந்தது.

"பால்வண்ணனா?" என்றார்.

"ஆமா மாமா" என்றாள், உள்ளே போன குரலில்.

"ரெண்டு சுத்தா?"

"ஆமா மாமா."

பிள்ளையின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. மூச்சு முட்டுகிறதோ என்று டாக்டர் பதறி எழுந்தார். மூச்சு முட்டல் இல்லை, சிரிப்பு.

"போர்டு எழுதுன பயலா... அளக்காமத் திறந்தான்?" இரண்டு மூச்சு வாங்கினார். "எல்லாரும்... கால் சுத்து... அரைச் சுத்து. அவன் ரெண்டு சுத்து! எம்மவன்லே அவன்!"

"உங்களைக் கொல்லப் பாத்திருக்கான் அண்ணாச்சி, அதுக்கா இந்தச் சிரிப்பு?" என்றார் டாக்டர். அவர் முகத்திலும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது.

"கொல்லட்டும் டாக்டரு. கைய விரிச்சுல்லா... கொல்லுதான்."

சொல்லிவிட்டுப் பிள்ளை மருமகளைப் பார்த்தார். "சாப்பிடாம எந்திரிச்சது... அவன்தான? நாலு மாசமாச்சு. போயிக் கூட்டிட்டு வா."

"புளியறைக்குத்தான போயிருப்பாக மாமா, காலையில முதல் பஸ்ஸுக்கு..."

"இல்லம்மா" என்று பிச்சுமணி மறுபடி எச்சில் விழுங்கினான். "கொல்லம் வண்டி எத்தனை மணிக்குன்னு கேட்டாரு. சாயந்தரம் ஆறே காலுக்குன்னேன். அதுலதான் போறேன், இனி இந்தப் பக்கம் வர மாட்டேன்னாரு."

சுவர்க் கடிகாரத்தில் ஆறு அடிக்க ஐந்து நிமிஷம்.

உலகம்மாள் யாரையும் கேட்கவில்லை. தயிர் அப்பின முதுகோடு, கையில் அந்தத் துண்டோடு, தூறலில் இறங்கி ரயிலடிக்கு ஓடினாள். "இலை போட்டிருக்குன்னு சொல்லு!" என்று வடிவம்மாள் பின்னாலிருந்து கத்தினாள்.

ஓடும்போது அவள் மனசில் ஒரே ஒரு கேள்விதான். பிரியம் தாங்காமல் இரண்டு சுற்றுத் திருகிவிட்டுப் போன மனுஷனிடம், அது என்ன செய்தது என்பதைச் சொல்வதா? சொன்னால் அவன் தாங்குவானா? சொல்லாமல் மறைத்தால், சிரித்துச் சிரித்து மாமனாரே சொல்லிவிட மாட்டாரா?

ஸ்டேஷன் படியில் அவள் கால் வைத்தபோது, வண்டி கடையநல்லூரை விட்டுவிட்டது என்று மணி அடித்தார்கள். நடைமேடையின் கோடியில், முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் ஒரு தகரப் பெட்டியோடு அவன் நின்றிருந்தான்.

"என்னங்க..." என்று கூப்பிட வாயைத் திறந்தாள். மூன்று மணியிலிருந்து மாமனாருக்காகக் கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை.